முதல் பேப்பரோடு ஃபங்ஷனல், லாஜிக் புரோகிராமிங் கூட்டத்துக்குப் போவது எப்படி

எங்கள் துறையில் ஆராய்ச்சிக்குச் சேருகிறவர்கள் வந்த வேகத்தில் கேட்பது, "மேடம், எந்த கான்ஃபரன்ஸுக்குப் பேப்பர் போடலாம்?" என்பதுதான். ஹாஸ்கெல், ஓகேமல் போன்ற ஃபங்ஷனல் மொழிகளிலும் (ஃபங்ஷன்களைக் கோத்துப் புரோகிராம் எழுதுவது), புரோலாக் போன்ற லாஜிக் மொழிகளிலும் (உண்மைகளையும் விதிகளையும் கொடுத்து விடையைத் தேட விடுவது) புழங்குகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் பேப்பர் யாருக்குப் பதில்? முதலில் முழிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு ஆள், ஒரு வருஷம், ஒரு பேப்பர் என்று விடை சொல்லத் தெரிந்துவிட்டால் எங்கே போடுவது, எப்படி எழுதுவது, போன இடத்தில் யாரிடம் பேச்சுக் கொடுப்பது என்பதெல்லாம் பாதி தீர்ந்த மாதிரி.

காரணம் இந்தத் துறையின் அளவு. மிஷின் லேர்னிங் கான்ஃபரன்ஸுகளில் ஆயிரக்கணக்கில் கூட்டம் அலைமோதும். இங்கே பெரிய கூட்டம் என்றாலே சில நூறு பேர்தான். சின்னக் கூட்டமென்றால் எல்லாரும் ஒரே அறைக்குள் அடங்கிவிடுவார்கள். அதே ஆட்கள் வருஷக்கணக்காக அதே பேச்சைத் தொடர்ந்து பேசுகிறார்கள். போன வருஷம் ஒருவர் விட்ட இடத்தில் இந்த வருஷம் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். அந்தப் பேச்சு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நடுவில் போய் வாயைத் திறந்தால், நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் யாருக்கும் காதில் ஏறாது.

எந்தக் கூட்டம் யாருக்கு

ஃபங்ஷனல் பக்கம் தலைமைக் கூட்டம் ஐசிஎஃப்பி. 1996இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. அதற்கு முன் லிஸ்ப்காரர்களுக்கு ஒன்று, ஃபங்ஷனல் மொழிகளும் கணினிக் கட்டமைப்பும் என்று இன்னொன்று, இரண்டு கூட்டங்கள் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. அவை சேர்ந்துதான் இது. அந்த இரண்டாவது கூட்டம் 1987இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் நடந்தபோதுதான், ஆளுக்கொரு சோம்பேறி மொழி (தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத மொழி) எதற்கு, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று பேசி ஹாஸ்கெலுக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். லாஜிக் பக்கம் ஐசிஎல்பி. முதல் கூட்டம் 1982இல் மார்செயில், புரோலாக் பிறந்த ஊரிலேயே. 2003இல் மும்பைக்கும் வந்திருக்கிறது.

இரண்டு பக்கத்தையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது ஃப்ளாப்ஸ். ஜப்பான்காரர்கள் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை: கியோட்டோ, நாரா, செண்டாய், கனசாவா என்று ஊர் ஊராகப் போய் 2024இல் குமமோட்டோவில் நடந்தது. பேப்பர்கள் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் எல்என்சிஎஸ் புத்தக வரிசையில் வரும். பேடில் என்று இன்னொன்று, ஜனவரியில் பாப்பிள் கான்ஃபரன்ஸோடு ஒட்டிக்கொண்டு நடப்பது. நடைமுறைப் பயன்பாட்டைக் காட்டும் பேப்பர்களுக்கு அங்கே மரியாதை உண்டு. பாப்பிள், புரோகிராமிங் மொழித் தியரிக்காரர்களின் கோட்டை. 2015இல் அதுவும் மும்பையில் நடந்தது. அப்போது இங்கிருந்து ரயிலேறிப் போய் உட்கார்ந்து கேட்டவர்களை இன்றைக்கும் பார்த்தால் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

டிஎஃப்பி, ஐஎஃப்எல் என்ற இரண்டு சின்ன ஃபங்ஷனல் கூட்டங்களையும் நம் ஊர்க்காரர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் முதல் பேப்பருக்கு இவற்றைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் கட்சி. ஐஎஃப்எல்லில் வரைவைக் கொண்டுபோய்ப் பேசலாம். கேள்விகளை வாங்கிக்கொண்டு வந்து திருத்தி எழுதியபின்தான் முறையான ரிவ்யூ. டிஎஃப்பியில் மாணவர் பேப்பர்களுக்குக் கூடுதல் கருத்துகள் எழுதித் தரும் வழக்கம் உண்டு. ஐசிஎல்பியோடு முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே தனி அமர்வு நடக்கும். வேலை பாதியில் இருந்தாலும் அங்கே சொல்லலாம். ஐசிஎஃப்பியை ஒட்டி அந்த வாரம் முழுக்க ஒர்க்‌ஷாப்புகள். ஓகேமலுக்கு ஒன்று, எர்லாங்குக்கு ஒன்று, ஸ்கீமுக்கு ஒன்று. ஃபங்ஷனல் மொழிக்குள்ளேயே லாஜிக்கைக் கொண்டுவரும் மினிகான்ரன் மொழிக்கு 2019 முதல் ஒன்று.

"நேரா ஐசிஎஃப்பிக்கே போட்டா என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் 25 பக்கத்துக்கு விஷயம் வேண்டும். எதிர்ப்பக்கம் ரிவ்யூ செய்பவர்கள் பத்து வருஷம் இதே வேலையாக இருப்பவர்கள். முதல் முயற்சியிலேயே அடிபட்டு, ஒரு வருஷம் பேனாவையே எடுக்காமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்னக் கூட்டத்தில் ஒரே அறை, ஒரே வரிசை. நீங்கள் பேசும்போது பக்கத்து அறையில் யாரும் பேச மாட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் உங்களைத்தான் கேட்பார்கள். அதுவே பெரிய லாபம்.

கல்லூரிப் படிவத்தில் "ஜர்னல்" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டிய கவலை உள்ளவர்களுக்கு ஒரு சமாச்சாரம். ஐசிஎஃப்பி பேப்பர்கள் 2017 முதல் ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கத்தின் பிஏசிஎம்பிஎல் ஜர்னலில்தான் வருகின்றன. ஐசிஎல்பியின் முக்கியப் பேப்பர்கள் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் ஜர்னலில் வருகின்றன. கான்ஃபரன்ஸ் என்று எழுதிக் கொடுத்து மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

போலிக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று காலையில் மெயில் வரும். இயந்திரவியல், மேலாண்மை, மருத்துவம், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே கான்ஃபரன்ஸ். நடப்பது ஏதோ கடற்கரை ஓட்டலில். மூன்றே நாளில் ஏற்புக் கடிதம். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எந்தப் பேப்பரை ஏற்பது என்று முடிவு செய்யும் புரோகிராம் கமிட்டியின் பட்டியலை எடுத்து உங்கள் பேப்பரின் மேற்கோள் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பெயர்கூட ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று கூட்டம் போலி, இல்லை உங்கள் பேப்பர் போக வேண்டிய இடம் அது இல்லை. நல்ல கூட்டங்களுக்கும் இதே சோதனைதான்.

முதலில் காது

கூட்டத்தைத் தேர்ந்தாயிற்றா? அதன் கடைசி மூன்று பதிப்புகளின் நிகழ்ச்சி நிரலை எடுங்கள். தலைப்பு, சுருக்கம் எல்லாவற்றையும் படியுங்கள். உங்கள் வேலைக்கு அருகில் வரும் ஐந்தாறு பேப்பர்களின் முன்னுரையையும், தொடர்புடைய ஆய்வுகள் என்ற பகுதியையும் மட்டும் வரிவரியாக. நடுவில் இருக்கும் நிரூபணங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தால், மூன்றாம் நாள் ஒரு படம் தெரியும். ஏசிஎம்மில் புரோகிராமிங் மொழிகளுக்கென்று இருக்கும் சிக்பிளான் அமைப்பு ஐசிஎஃப்பி பேச்சுகளை யூடியூபில் போட்டு வைத்திருக்கிறது, காசு கிடையாது. பேச்சு முடிந்தபின் வரும் கேள்விகளைக் கேளுங்கள். பேப்பரில் எழுத முடியாத சந்தேகமெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

அடிப்படையே இன்னும் ஆட்டமாக இருக்கிறது என்றால் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஹாஸ்கெல் பாடம் இருக்கிறது, சென்னை கணிதவியல் கழகத்துக்காரர்கள் எடுத்தது. அதை முடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

பதில் சொல்லும் பேப்பர் எப்படி இருக்கும் என்று பார்க்க நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஓகேமலில் வெகுகாலம் ஒரே நேரத்தில் ஒரு கோர் (பிராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் பிரிவு) மட்டும்தான் ஓகேமல் புரோகிராமை ஓட்ட முடிந்தது. பல கோர்களுக்கு மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய புரோகிராம்கள் உடையாமல், வேகமும் குறையாமல் மாற்ற முடியுமா என்பதுதான் சிக்கல். சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஐசிஎஃப்பி 2020இல் அதற்கு விடை கொடுத்தார்கள். சிறந்த பேப்பர்களில் ஒன்றாகத் தேர்வானது. 2022 டிசம்பரில் ஓகேமல் 5 வெளிவந்தபோது அந்த வேலைதான் அதன் அடித்தளம். அந்தப் பேப்பரின் முதல் இரண்டு பக்கத்தைப் படியுங்கள். யார் கவலைக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில் ஒரு குழப்பமும் இருக்காது.

எழுதுவது

என்னிடம் படிக்கும் ஒரு பெண் லாஜிக் புரோகிராம்களை ஆராய்கிறாள். அவள் கொண்டுவந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: இன்றைய உலகில் மென்பொருளின் பங்கு இன்றியமையாதது, லாஜிக் மொழிகள் பல துறைகளில் பயன்படுகின்றன, எனவே அவற்றின் பகுப்பாய்வு முக்கியமானது. மூன்றையும் அடித்தேன். ரிவ்யூ செய்பவர் இந்த மொழிகளில் முப்பது வருஷம் ஊறியவர். மென்பொருள் முக்கியம் என்று அவருக்கு நாம் சொல்ல வேண்டுமா?

பதிலுக்கு என்ன வைப்பது? அவளிடம் "உன் கருவி செய்யற வேலையை வெத்துத் தாள்ல காட்டு" என்றேன். பட்டியல்களை ஒட்டும் "அப்பெண்டு" (append) என்ற புரோகிராமை எழுதினாள். எல்லாருக்கும் தெரிந்த இரண்டு வரி புரோகிராம். இரண்டு பட்டியல்களைக் கொடுத்தால் ஒட்டி ஒன்றாகத் தரும், ஒரே விடை. அதையே திருப்பி ஓட்டி, "ஒட்டினால் 1, 2, 3 வரும்படி இரண்டு பட்டியல் சொல்லு" என்றால் நான்கு விடை வரும்: [] உம் [1, 2, 3] உம், [1] உம் [2, 3] உம், [1, 2] உம் [3] உம், [1, 2, 3] உம் [] உம். எந்தப் பக்கமிருந்து ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே புரோகிராமுக்கு ஒரு விடை, பல விடை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மெர்குரி மொழியில் இந்தத் திசையையும் விடை எத்தனை வரும் என்ற வகையையும் அறிவிக்க முடியும். ஒரு மாட்யூலிலிருந்து வெளியே தரும் ஒவ்வொரு பிரெடிகேட்டுக்கும் (லாஜிக் மொழியில் ஃபங்ஷன் போன்றது) புரோகிராமர் அதைக் கைப்பட எழுதித்தான் ஆக வேண்டும். அவள் வேலை, எழுதாமலே அதை எங்கெல்லாம் கண்டுபிடிக்கலாம் என்பது.

அவ்வளவுதான், அதுவே முன்னுரை. முதல் பத்தியில் அப்பெண்டு, இரண்டாம் பத்தியில் மெர்குரி, மூன்றாம் பத்தியில் "இந்த அறிவிப்பை இன்னின்ன வகைப் புரோகிராம்களுக்கு எங்கள் கருவி தானே கண்டுபிடிக்கிறது, இந்த வகையில் முடியாது, ஏனென்று நான்காம் பகுதியில்". யாருக்குப் பதில் என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. முடியாததையும் முதல் பக்கத்திலேயே சொல்லச் சொன்னபோது அவள் தயங்கினாள். ஒளித்து வைத்தால் ரிவ்யூக்காரர் அதைத் தானே கண்டுபிடிப்பார். அப்புறம் மற்ற எதையும் நம்ப மாட்டார்.

அதே உதாரணத்தைப் பேப்பர் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். பகுதிக்குப் பகுதி புது உதாரணம் வைத்தால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் கோரும் ஒவ்வொன்றுக்கும் அது எந்தப் பகுதியில் நிரூபிக்கப்படுகிறது என்று எண் போடுங்கள். ஹாஸ்கெலை வளர்த்தவர்களில் ஒருவரான சைமன் பேட்டன் ஜோன்ஸ் இதைப் பற்றி ஒரு பேச்சு வைத்திருக்கிறார், இணையத்தில் கிடைக்கும். அவர் முதலில் சொல்வது, ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்காமல் எழுதத் தொடங்கு. எழுதும்போதுதான் என்ன தெரியவில்லை என்று தெரியும். பல கைடுகள் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். ரிசல்ட் எல்லாம் வரட்டும், அப்புறம் உட்கார்ந்து எழுதலாம் என்று. கடைசி வாரம் அந்தக் கைடும் தூங்குவதில்லை, மாணவரும் தூங்குவதில்லை.

இன்னொரு கதவு இருக்கிறது, நம்மவர்கள் அதைத் தட்டுவதே இல்லை. ஐசிஎஃப்பியில் ஃபங்ஷனல் பெர்ல் என்றும் ஃப்ளாப்ஸில் டிக்ளரேட்டிவ் பெர்ல் என்றும் ஒரு வகை உண்டு. புதுத் தேற்றம் வேண்டாம், பெஞ்ச்மார்க் வேண்டாம். ஒரு அழகான சின்னப் புரோகிராம், அதை ஏன் அப்படி எழுதினோம் என்று ரசிக்கும்படியான விளக்கம், அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டினாலே திருப்பி அனுப்பலாம் என்பது அதன் எழுதப்படாத விதி. வருஷக்கணக்காக வகுப்பெடுத்தவர்களுக்கு இது இயல்பாக வரும். பாடம் நடத்தும்போது மாணவர்கள் கண் விரிந்த ஒரு புரோகிராம் எல்லா ஆசிரியரிடமும் ஒன்றாவது இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். ஃப்ளாப்ஸில் சிஸ்டம் டிஸ்க்ரிப்ஷன் என்று இன்னொரு வகை, அது கருவிகளுக்கு. இறக்கி ஓட்டிப் பார்க்க முடியாத கருவியை அங்கே அனுப்பாதீர்கள்.

போடும் நாள்

கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஏஓஇ என்று போட்டிருப்பார்கள். பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை நேரம் உண்டு என்று அர்த்தம். நம் கணக்கில் மறுநாள் மாலை 5.29. இந்தச் சலுகையை நம்பி மாலை ஐந்து மணிக்கு உட்காராதீர்கள். கரண்ட் போவதற்கென்றே ஒரு நேரம் உண்டு. பல கூட்டங்களில் சுருக்கத்தை மட்டும் சில நாள் முன்னதாகப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் பேப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே போகாது.

பக்க அளவு போதவில்லை என்று டெம்ப்ளேட்டின் மார்ஜினைச் சுருக்கும் வேலை வேண்டாம். இதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். பெயர் மறைத்து அனுப்பச் சொன்னால் உங்கள் பழைய பேப்பரை "எங்கள் முந்தைய பேப்பரில்" என்று எழுதாமல், வேறு யாரோ எழுதியதைச் சொல்வதுபோல் சொல்லுங்கள். புரோகிராமின் லிங்கிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் இனிஷியல் பிரச்சினையை முதல் பேப்பரிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பேப்பரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ஒரு மாதிரி, ரெஜிஸ்ட்ரேஷனில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டதும் அப்பா பெயரைக் கடைசியில் போட்டு ஒரு மாதிரி என்று ஆனால், யார் என்ன பேப்பர் எழுதினார்கள் என்று பட்டியலிடும் டிபிஎல்பி தளம் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். விசாவுக்கான அழைப்புக் கடிதம் மட்டும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். பேட்ஜில் நீங்கள் கூப்பிடப்பட விரும்பும் பெயர். இல்லையென்றால் கூட்டம் முழுக்க உங்கள் அப்பாவைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எனக்கு நடந்தது, அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ரிவ்யூ வந்த அன்று

இந்தத் துறையின் பல கமிட்டிகளில் பழைய ஒரு முறை இருக்கிறது. ரிவ்யூ எழுதுபவர் ஏ, பி, சி, டி என்று ஒன்றைப் போடுவார். ஏ என்றால் "இந்தப் பேப்பருக்காகக் கூட்டத்தில் நான் வாதாடுவேன்". பி என்றால் ஏற்கலாம், ஆனால் வாதாட மாட்டேன். சி, வேண்டாம் என்று தோன்றுகிறது, ஆனால் பலமாக எதிர்க்க மாட்டேன். டி, எதிர்த்து வாதாடுவேன். கூடவே எக்ஸ், ஒய், இசட்: விஷயத்தில் தனக்கு எவ்வளவு பிடிமானம் என்று. எழுத்து இந்த வடிவில் வராவிட்டாலும் உள்ளே நடப்பது இதுதான். ஆக மூன்று பேர் "பரவாயில்லை" என்று சொன்ன பேப்பரைவிட, ஒருவர் மனமார விரும்பி இன்னொருவர் முகம் சுளித்த பேப்பருக்கு வாய்ப்பு அதிகம். எழுதும்போதே அந்த ஒருவரைத் தேடுங்கள். யாருக்குப் பதில் என்று ஆரம்பத்தில் கேட்டேனே, பெரும்பாலும் அவரோ அவரோடு வேலை செய்தவரோதான் அந்த ஏ போடுவார்.

பதில் எழுத இரண்டு மூன்று நாள் கொடுத்தால், முதல் நாள் எதுவும் எழுதாதீர்கள். திட்டியே ஆக வேண்டும் என்றால் தனியாக ஒரு ஃபைலில் திட்டிவிட்டு அழித்துவிடுங்கள். மறுநாள், முடிவை மாற்றக்கூடிய இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் எடுத்து முதலில் வைத்து, நேரான விடை. "பகுதி 3இல் சொல்லியிருக்கிறோமே" என்று எழுதும் கை துறுதுறுக்கும். சொல்லியும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் சொன்ன விதத்தில் கோளாறு. எந்த வரியை எப்படி மாற்றப் போகிறோம் என்று எழுதுங்கள். உங்களுக்காக வாதாடப் போகிறவருக்குக் கையில் ஆயுதம் கொடுக்கத்தான் இந்தப் பதில். எதிர்க்கிறவரை மனம் மாற்றுவது அபூர்வம்.

வேண்டாம் என்று வந்துவிட்டால் திருத்தாமல் அப்படியே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். உலகம் சின்னது. அதே ஆள் அங்கேயும் கமிட்டியில் இருப்பார், அதே பேப்பர் அவர் மேசைக்கே போகும், போன முறை அவர் சுட்டிக்காட்டிய எழுத்துப் பிழையோடு.

காசும் விசாவும்

ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்த அன்றே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள், இனிப்பு அப்புறம் கொடுக்கலாம். ஜப்பானுக்கு அழைப்பவர்களிடமிருந்து கடிதமும், தங்கும் நாட்களின் நாள்வாரி அட்டவணையும் வேண்டும். அமைப்பாளர்களுக்கு இது பழக்கம்தான், கேட்டால் அனுப்புவார்கள். ஐரோப்பாவில் ஷெங்கன் விசா நாடுகளுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. கல்லூரியின் தடையில்லாச் சான்றுக்கு ஃபைல் எத்தனை மேசை ஏறி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

பணத்துக்குக் கேட்க வேண்டிய இடங்கள்: ஏசிஎம் இந்தியாவும் ஐயார்க்ஸ் என்ற இந்தியக் கணினி அறிவியல் ஆய்வுச் சங்கமும் சேர்ந்து தரும் பயண உதவி, முன்பு செர்ப் என்றிருந்து இப்போது ஏஎன்ஆர்எஃப் ஆகிவிட்ட அரசு அமைப்பின் பயணத் திட்டம், சிக்பிளான் கூட்டம் என்றால் அவர்களுடைய பேக் (PAC) நிதி. ஐசிஎஃப்பி, பாப்பிள் இரண்டிலும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஒருநாள் ஒர்க்‌ஷாப் உண்டு. பேப்பர் இல்லாதவர்களுக்கும் அதன் வழியாக உதவி கிடைக்கும். மாணவத் தன்னார்வலராகச் சேர்ந்தால் சில மணி நேர வேலைக்குப் பதிலாக ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் மிச்சம். ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் போடுங்கள், எதில் என்ன கேட்டிருக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பேச்சு

பேப்பரை மேடையில் திரும்ப வாசிப்பதற்கு யாரும் வரவில்லை. இருபது நிமிஷத்தில் ஒரே ஒரு யோசனை போய்ச் சேர்ந்தால் போதும், மிச்சத்தைப் படித்துக்கொள்வார்கள். அப்பெண்டு உதாரணம் இருக்கிறதே, அதற்கே எட்டு நிமிஷம் கொடுங்கள். ஒரு ஸ்லைடில் ஏழெட்டு வரிப் புரோகிராமுக்கு மேல் வேண்டாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அடைப்புக்குறி தெரிய வேண்டும். விதிகள் நிறைந்த ஸ்லைடைக் காட்டி "இதெல்லாம் ஸ்டாண்டர்ட்தான்" என்று தாண்டிப் போவதைப் பலர் செய்கிறார்கள். தாண்டத்தான் போகிறீர்கள் என்றால் எதற்கு அந்த ஸ்லைடு?

நாம் ஆங்கிலத்தை வேகமாகப் பேசுகிறோம். பதற்றத்தில் இன்னும் வேகம். துறையில் சம்பந்தமே இல்லாத ஒரு நண்பரை உட்கார வைத்துப் பேசிக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே எங்கே ஓடுகிறோம் என்று தெரியும். கேள்வி வந்ததும், புரிந்த அளவில் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு விடை சொல்லுங்கள். யோசிக்க ஐந்து நொடி கிடைக்கும், கேட்டவரும் "இல்லை, நான் கேட்டது" என்று திருத்த வசதி. தெரியவில்லை என்றால் "தெரியாது, பேச்சு முடிந்ததும் உங்களிடம் கேட்கிறேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவரைப் போய்ப் பார்க்கவும் வேண்டும். அவர் காத்திருப்பார்.

காபி நேரம்

இதைத்தான் நம் பிள்ளைகள் கோட்டைவிடுகிறார்கள். இடைவேளை வந்ததும் இந்தியர்கள் எல்லாரும் ஒரு மேசையில் சேர்ந்து ஊர்க் கதை பேசுவது. ஊரில்தான் தினமும் பேசுகிறோமே!

நோட்டில் அம்புக்குறி போட்டு வைத்த அந்தப் பெயர்களில் நான்கைந்து பேர் அங்கே காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருப்பார்கள். போய் நிற்க வேண்டியதுதான். "உங்கள் வேலை மிக அருமை" என்று தொடங்கினால் "நன்றி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "உங்கள் 2021 பேப்பரில் அந்த மூன்றாம் விதிக்கு ஏன் அந்த நிபந்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் நாப்கினில் எழுதிக் காட்டுவார். என் மாணவி அப்படி ஒருவரிடம் கேட்கப் போய், அந்த நிபந்தனை தேவையே இல்லை என்று அவரே அங்கேயே ஒப்புக்கொண்டு, அவளுடைய அடுத்த பேப்பருக்கு விஷயம் கிடைத்தது.

"சார்", "புரொபசர்" எல்லாம் அங்கே செல்லாது. எவ்வளவு பெரிய ஆளானாலும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு நாக்கு எழாது. எனக்கு இன்றும் எழுவதில்லை. பெயரே சொல்லாமல் "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்கிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்ல ஒரே வாக்கியம் தயாராக இருக்கட்டும். கல்லூரி, துறை, கைடு பெயர் என்று பயோடேட்டாவில் தொடங்காதீர்கள். "லாஜிக் புரோகிராமை எந்தத் திசையில் ஓட்டினால் நிற்கும் என்று அதை ஓட்டாமலே கண்டுபிடிக்கிறேன்" என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்.

சைவக்காரர்கள் ரெஜிஸ்ட்ரேஷன் படிவத்திலேயே அதைக் குறித்துவிடுங்கள். ஜப்பானில் இன்னொரு எச்சரிக்கை தேவை: காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் டாஷி என்ற மீன் சாறு பெரும்பாலும் இருக்கும். மீனும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கடைசிக்குக் கைவசம் இரண்டு பாக்கெட் புளிக்காய்ச்சல். சாதம் எங்கும் கிடைக்கும். ஆனால் விருந்து நாளன்று அறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடாமல் போங்கள். யாரோடு உட்கார்கிறீர்கள் என்பதுதான் அங்கே விஷயம்.

ஊர் திரும்பிய வாரத்துக்குள் யாரிடம் என்ன அனுப்புவதாகச் சொன்னீர்களோ அதை அனுப்பிவிடுங்கள். புரோகிராமின் லிங்க், ஒரு எதிர் உதாரணம், எதுவானாலும் நான்கு வரி மெயிலில். தள்ளிப்போனால் கூச்சம் வந்துவிடும், அப்புறம் அனுப்பவே மாட்டீர்கள். போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போக ஒன்று, வர ஒன்று, நடுவில் மாறிய விமானத்துக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தால்தான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் பில் பாஸாகும்.